காந்தம் படாத பாதி

மார்ச் 4, செவ்வாய்

துரு இல்லை. தேநீர்தான்!

காலையில் டப்பாவைத் திறந்ததும் பெரிய கல்லின் ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. பதறி லென்ஸைத் தேடினேன். விண்கல்லுக்குள் பொடிப்பொடியாக இரும்பு இருக்கும். ஈரம் பட்டால் துரு பிடிக்கும், ஒரு தடவை பிடித்தால் உள்ளே உள்ளே போய்க் கல்லையே உதிர்த்துவிடும். அதற்குப் பயந்துதானே வெட்டும்போதுகூடத் தண்ணீர் விடாமல் ஸ்பிரிட் விட்டு வெட்டுகிறேன்? காற்றுப் புகாத டப்பா, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், மாதம் ஒரு தடவை பொட்டலத்தை மாற்றுவது, எல்லாம் அதற்குத்தானே? லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒரு சொட்டுத் தேநீர். நேற்று இந்த மனுஷன் டம்ளரும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார். பஞ்சால் ஒற்றியதும் போய்விட்டது. அப்பாடா!

"மாப்பிள்ளை வந்து நாலு வருஷமாச்சு, ஒரு வாய் டீ குடுத்திருப்பியா நீ?" என்கிறார் என் வீட்டுக்காரர். அந்தக் கல்லுக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. மேலேயிருந்து வந்து இறங்கினது, வேலை வெட்டி கிடையாது, வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை என்று காரணமும் சொல்லுவார். மற்ற இருபத்திரண்டு கற்களும் மாப்பிள்ளையோடு வந்த கூட்டமாம். விண்கல் என்று நான் ஏமாந்து தூக்கி வந்த உலைக்கழிவுக் கட்டி ஒன்று உண்டு. அது ஒன்றுதான் உருப்படியான ஆள், பின்கதவு காற்றில் அடிக்காமல் பார்த்துக்கொள்கிறது என்பார்.

மாலையில் எங்கள் கண்ணாடிக் கடை முதலாளி குடும்பத்தோடு வந்தார். அவர் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறேன். இன்றைக்குத்தான் என் கற்களைப் பார்க்க அவருக்குப் பொழுது வந்திருக்கிறது. வழக்கமான வேடிக்கையைக் காட்டினேன். பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைப் பிரித்து எடுத்த காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் கொண்டுபோனால் நூல் சாய்ந்து, டக்! ஒட்டிக்கொள்ளும். தெருக்கல்லில் ஒட்டாது. விண்கல் தேடுகிற எல்லோருக்கும் முதல் பரீட்சை இதுதான். முதலாளியின் மனைவி "அம்மாடி!" என்று கையை இழுத்துக்கொண்டார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த 'டக்' அலுப்பதில்லை.

மார்ச் 6, வியாழன்

ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. மாப்பிள்ளையில் சுண்டுவிரல் நகம் அளவு வெட்டி அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்காரர் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவு. "போய்ச் சேந்துடுச்சு, கையெழுத்து இருக்கு, அதுக்கு மேல நான் என்ன பண்ண?" என்று எரிந்து விழுந்தார். நான் தினம் கேட்டால் அவரும்தான் என்ன செய்வார்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை. ஃபோன் வந்தபோது யாரோ ஒருவருடைய மைனஸ் ஆறு லென்ஸ் சக்கரத்தில் இருந்தது. நல்லவேளை, அதைக் கெடுக்காமல் எடுத்து வைத்துவிட்டுப் பேசினேன்.

ஆய்வுக்கூடத்து மேடமே பேசினார். "உங்க கல்லு ரொம்ப அபூர்வமான வகைங்க" என்றார். நான் சக்கரத்தை நிறுத்தினேன்.

அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். இந்த மாதிரிக் கற்களுக்குள் கடுகு அளவு, அதைவிடச் சிறிதாக, உருண்டை உருண்டையாக இருக்கும். பூமி உருவாவதற்கு முன்னால், சூரியனைச் சுற்றித் தூசி மட்டும் சுழன்றுகொண்டிருந்த காலத்தில் உருகிக் குளிர்ந்த சொட்டுகள் அவை. முக்கால்வாசிக் கற்களில் பிற்பாடு சூடு ஏறி, அந்த உருண்டைகள் மங்கி ஒன்றோடொன்று கலந்து போயிருக்கும். மாப்பிள்ளைக்கு அப்புறம் சூடே படவில்லை. நானூற்று ஐம்பத்தாறு கோடி வருஷம், அப்படியே. அதுவும் விழுந்த அன்றைக்கே எடுத்து, மழை படாமல் காப்பாற்றி வைத்த கல்! இந்த வகையில் இப்படிக் கிடைப்பது மிக மிகக் குறைவு என்றார். "நீங்க பாத்துக்கிட்ட விதம் பிரமாதம்" என்றார்.

அழுதேனா? கொஞ்சம். முதலாளி எட்டிப் பார்த்து, கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம், ரொம்பப் பழைய தூசி என்றேன்.

முழுக் கல்லையும் கொஞ்ச நாளைக்குத் தர முடியுமா என்று கேட்டார் மேடம். அந்த உருண்டைகளுக்குள் இருக்கிற இரும்பு, குளிரும்போது அங்கே இருந்த காந்தவிசையைப் பிடித்து வைத்திருக்கும், அதை அளக்க வேண்டும் என்றார். தாராளமாக என்றேன்.

"ஒரே ஒரு கேள்வி. எல்லாரையும் கேக்கிறதுதான். கல்லுகிட்ட காந்தம் எதுவும் கொண்டு போகலையே?"

"பாத்துச் சொல்றேன் மேடம்" என்றேன்.

எதைப் பார்த்து?

மார்ச் 12, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

மதியம் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து படித்தேன். கல்லுக்குள் இருக்கிற ஒவ்வொரு இரும்புத் துகளும் ஒரு திசைகாட்டி முள். குளிர்ந்த அன்றைக்கு எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே பார்த்தபடி நிற்கும். ஆனால் பலமான காந்தம் ஒன்று ஒரே ஒரு தடவை கிட்டே வந்தால் போதும். அத்தனை முள்ளும் அதன் பக்கம் திரும்பிவிடும். பழையபடி திருப்பி வைக்க வழியே கிடையாது. ஹார்ட் டிஸ்க் காந்தம் எல்லாம் ராட்சசக் காந்தம்.

ஒரு தடவையா வைத்தேன்? பால்காரருக்குக் காட்டினேன். குழாய் ரிப்பேர் செய்ய வந்தவருக்குக் காட்டினேன். நாத்தனார், நாத்தனாரின் சம்பந்தி, எதிர்வீட்டு வாத்தியார், கேஸ் கொண்டு வருகிறவர் — அந்த மனுஷன் இன்னொரு தடவை இன்னொரு தடவை என்று நாலு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தார். நானூற்று ஐம்பத்தாறு கோடி வருஷம் பத்திரமா இருந்ததை நாலே வருஷத்துல நான் வேடிக்கை காட்டியே அழிச்சிட்டேன். தேநீர்ச் சொட்டுக்கு அப்படிப் பதறினேனே, மூளை எங்க போச்சு எனக்கு?

நான் படித்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே 'காந்தம் வைத்துப் பாருங்கள்' என்று போட்டிருந்தது. வைத்தால் என்ன ஆகும் என்பது எந்தப் பக்கத்தில் இருந்ததோ, நான் அதுவரை போகவில்லை.

இன்னொன்றும் எழுதுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். கல் அக்காவின் தையல் கடையில்தான் விழுந்தது. தையல்காரி மேசையில் குண்டூசி எடுக்கக் காந்தம் இல்லாமல் இருக்குமா? 'அங்கேயே பட்டிருக்கும் மேடம்' என்று சொல்லிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? ஐந்து நிமிஷம் இதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீ! அவள் என்னிடம் பேசாமல் இருப்பதற்குக் காரணம் போதாதென்று இது வேறு.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

"மேடம், நான் காந்தம் வச்சிருக்கேன். ஒரு தடவை இல்ல. ஒரு இருநூறு தடவை இருக்கும். அனுப்பின துண்டும் அதுலயிருந்து வெட்டினதுதான்" என்று மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு. அப்புறம், நம்பவே முடியவில்லை, சிரிப்பு!

"முக்கால்வாசிப் பேரு இதைத்தாங்க பண்றாங்க. பண்ணிட்டு 'இல்லவே இல்ல'ம்பாங்க. நாங்க மாசக்கணக்கா உக்காந்து அளந்துட்டு, கடைசியில தலையில அடிச்சுக்குவோம். நீங்க சொன்னதுல எனக்கு மூணு மாசம் மிச்சம்."

கல் வீண் இல்லையாம். உருண்டைகள், தாதுக்கள், அது எங்கே எப்படி உருவானது என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தக் காந்தக் கதை ஒன்றுதான் போய்விட்டது. ஒன்றுதான்! ஆனாலும் மார்பில் வைத்த பாராங்கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. மைனஸ் ஆறு லென்ஸை முடித்துக் கொடுத்தேன்.

ஃபோனை வைக்கும் முன்னால் கேட்டார்: "அந்தக் கல்லோட வேற துண்டு எதுவும் இருக்கா? காந்தம் படாம?"

இருக்கிறது. அக்காவிடம்.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். இத்தனை நாள் எழுதவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம். அக்கா கடையில் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நீல நூல் தீர்ந்துபோய், எடுக்க அலமாரிப் பக்கம் எழுந்து போனாள். நாலு எட்டுத்தான். பின்னால் வெடிச்சத்தம். தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு வந்த கல், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகை முறித்து, சிமென்ட் தரையில் மோதி இரண்டாகப் பிளந்தது. அத்தான் எனக்குத்தான் முதலில் ஃபோன் செய்தார். கல் என்றால் நான்தானே.

பஸ் பிடித்து ஓடினேன். கடைக்குள் நுழைந்தேன். சுவரோரம் ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தாள், தோளில் துண்டைப் போட்டு அழுத்திப் பிடித்தபடி. அவளைத் தாண்டித்தான் போனேன். தாண்டிப் போய்த் தரையில் முட்டி போட்டேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "கையால தொட்டுடாதீங்க! யாரும் தொட்டுடாதீங்க!"

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அத்தான் அவளை எங்கேயோ அழைத்துப் போயிருந்தார். வியர்வை துடைக்கத் துண்டு போட்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நினைத்தேனா, நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேனா?

மறுநாள் அக்கா சொன்னது: "பெரிசை நீ எடுத்துக்கோ. சின்னது எனக்கு. என்னைத் தேடி வந்தது அது." அவ்வளவுதான். அதற்கப்புறம் கல்யாண வீடுகளில் 'ம்', 'வா', 'சாப்பிட்டியா'. எனக்கும் ரோஷம். என்ன தப்பு செய்தேன், கல்லைக் காப்பாற்றினேன் என்று நாலு வருஷமாக எனக்கு நானே வக்கீல்.

மார்ச் 15, சனி

அத்தானுக்கு ஃபோன் செய்து மெதுவாக விசாரித்தேன். அக்காவின் கல் எங்கே இருக்கிறது, குண்டூசிக் காந்தம் அதன் பக்கத்திலா? "நான் பட்டனுக்குக் காஜா எடுக்கிறவன்மா, என்னை ஏன் இழுக்கிற? நீயே வந்து கேளு" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர், "நான் வேணா பார்சல் வாங்க வந்த மாதிரி போய்..." என்று ஆரம்பித்தார். வேண்டாம் சாமி.

மார்ச் 16, ஞாயிறு

போனேன்.

கடை அப்படியே இருக்கிறது. கூரையில் ஓட்டை இருந்த இடத்தில் புதுத் தகரம், அது மட்டும் பளபள என்று. அக்கா ஒரு பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. என் கண் என்ன செய்தது தெரியுமா? நேராக மேசைக்குப் போனது. காந்தக் கிண்ணம் இருந்தது, குண்டூசிகள் முள்ளம்பன்றி மாதிரி நிமிர்ந்து நின்றன. கல் இல்லை. அப்பாடா என்று நினைத்த அந்த நொடியிலேயே அவள் சொன்னாள்:

"என்ன, கல்லுக்கு உடம்பு சரியில்லையா?"

நான் தயார் செய்துகொண்டு போன பேச்சு எல்லாம் மறந்துவிட்டது. ஆய்வுக்கூடம், உருண்டை, காந்தம் என்று ஏதேதோ உளறினேன். அவள் மெஷினை நிறுத்தவே இல்லை. "கல்லு வேணும், அதானே? நாலு வருஷம் கழிச்சு வந்திருக்க, அதுவும் கல்லுக்குத்தான். நீ மாறவே மாட்டேடி."

"ஆமா, கல்லுக்குத்தான் வந்தேன்! வேற எப்படி வர்றது? வான்னு கூப்பிட்டியா நீ?" என்று நானும் கத்திவிட்டேன். அத்தான் காஜா ஊசியோடு வெளியே போய்விட்டார். கெட்டிக்காரர்.

மெஷின் மட்டும் ஓடியது. காலர் முடிந்தது, நூலைப் பல்லால் கடித்தாள். அப்போது கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. குரல் எனக்கே கேட்கவில்லை.

"அக்கா. அன்னிக்கு உனக்கு அடி பட்டுச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ரவிக்கையின் தோள்பட்டையை ஒரு விரலால் இழுத்துக் காட்டினாள். ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. தகரம் கிழித்தது. ஏழு தையலாம்.

"எவனோ புது டாக்டர். கோணல் மாணலா தச்சிருக்கான் பாரு. நானே தச்சிருந்தா இதைவிட நல்லா போட்டிருப்பேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டேன். "என்னை மன்னிச்சிடு" என்று சொன்னேனா, சொல்ல வாயெடுத்தேனா, தெரியவில்லை. "போதும், துணி மேல வழியுது, தள்ளி உக்காந்து அழு" என்றாள். அவளுக்கும் மூக்கு சிவந்திருந்தது.

பங்கு பிரித்த அன்றைக்கே கல்லைக் கேன்வாஸ் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் போட்டுப் பரண் மேல் ஏற்றிவிட்டாளாம். "பாக்கவே பயமா இருந்துச்சு. ஒரு எட்டு பிந்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தோணும்." நாலு வருஷமாக இறக்கவே இல்லை. காந்தம் வைத்தாயா என்று கேட்டதற்கு, "அதுக்கு எதுக்குடி காந்தம் வைக்கணும்? அது என்ன குண்டூசியா?" என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அத்தான் வாசலிலிருந்து தலையை நீட்டி ஒன்று சொன்னார். அன்றைக்கு மேசையிலிருந்த குண்டூசி டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் ஊசி. யார் காலிலும் குத்தக் கூடாதென்று, நான் வருவதற்கு முன்னாலேயே கைக்காந்தத்தை வைத்து அவர்தான் எல்லாவற்றையும் பொறுக்கியிருக்கிறார். கல்லைச் சுற்றியும்.

"எவ்வளவு கிட்ட அத்தான்?"

"அது ஞாபகம் இல்லையேம்மா."

மார்ச் 18, செவ்வாய்

மேடமிடம் அதையும் மறைக்காமல் சொன்னேன். சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், கொண்டு வாருங்கள் என்றார். குண்டூசிக் காந்தம் சின்னது, கொஞ்சம் தள்ளி இருந்திருந்தால் பிழைத்திருக்கும். கொஞ்சம் தள்ளி — எல்லாம் அதில்தான் இருக்கிறது.

அக்கா கல்லை என் கையில் தரமாட்டாளாம். "என் கல்லு, நானே கொண்டு வரேன். உன்னை நம்ப முடியாது, வழியில எவனாவது கேட்டா வேடிக்கை காட்டுவ."

மார்ச் 24, திங்கள்

திரும்பி வந்தாயிற்று. கால் வலி, வயிறு வலி — வயிறு வலி சிரித்ததில்.

அக்கா கல்லுக்குப் பை தைத்திருந்தாள். நாலு மடிப்புப் பருத்தி, நடுவில் பஞ்சு. ஜிப் இல்லை, கொக்கி இல்லை, துணிநாடா முடிச்சு மட்டும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுப் பெண்மணி கைப்பையை மூடியபோது 'டப்' என்று சத்தம். "அது காந்தமா? கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்குங்க" என்றாள் அக்கா. ஃபோன் பேசிக்கொண்டிருந்தவரையும் எழுப்பி வேறு சீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஃபோனுக்குள்ளும் காந்தம் உண்டு என்று தெரியாத்தனமாக நான்தான் சொல்லியிருந்தேன். கண்டக்டர் என்னிடம், "பையில என்னம்மா, பச்சைக் குழந்தையா?" என்று கேட்டார். "மாப்பிள்ளையோட தங்கச்சி" என்றேன்.

ஆய்வுக்கூடத்தில் கல்லை அளக்கிற அறையைச் சுற்றிலும் ஏதோ தனி உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். பூமியின் காந்தம்கூட உள்ளே நுழையாதாம். வாட்ச், சாவி, ஃபோன், கொண்டை ஊசி எல்லாவற்றையும் வெளியே தட்டில் வைக்கச் சொன்னார்கள். அக்கா எல்லாம் வைத்துவிட்டு நிமிர்ந்து நடந்தாள். அவ்வளவு நிமிர்வு. வாசலில் இருந்த உலோகம் கண்டுபிடிக்கும் கருவி 'கீ' என்றது. மறுபடி தேடினால், முந்தானை மடிப்பில் ஐந்து குண்டூசி! முப்பது வருஷப் பழக்கம், தைக்கும்போது குத்திக்கொள்வது. "ஐயையோ, இதுங்க எப்ப வந்துச்சு?" என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். மேடமே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு விளக்கிச் சொன்னார். விழும்போது கல்லின் மேல்தோல் மட்டும் உருகிக் கருகிவிடும், அது குளிரும்போது பூமியின் காந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளும். தோலுக்குக் கீழே சூடு போகாது. அதனால் தோலில் ஒரு திசையும், உள்ளே ஒவ்வொரு உருண்டையிலும் ஒவ்வொரு திசையும் இருந்தால், யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். தோலும் உருண்டைகளும் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றால் காந்தம் பட்டுவிட்டது.

அக்கா கல்லை ஒப்படைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். சொந்தக்காரர் என்ற இடத்தில் தன் பெயர், தொலைபேசி என்ற இடத்தில் தன் எண். நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை?

திரும்பும்போது என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். கோணல் தையல் போட்ட தோள் என் பக்கம்தான் இருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

மாப்பிள்ளையின் டப்பா மேல் புதுச் சீட்டு ஒட்டினேன்: 'காந்தம் பட்டது. வைத்தவள்: நான்.' வீட்டுக்காரர் படித்தார். தேநீர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு வந்து மறுபடி படித்தார்.

ஏப்ரல் 19, சனி

பதில் இல்லை. அக்கா தினம் ஃபோன் செய்து 'வந்துச்சா?' என்கிறாள். உன் எண்ணைத்தானே கொடுத்தாய் என்றால், "ஆமா இல்ல" என்று வைத்துவிடுகிறாள். மறுநாள் மறுபடி.

மே 9, வெள்ளி

கடையில் இருந்தேன். அக்கா எண். எடுத்ததுமே கத்தினாள்:

"ஏண்டி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பாக்குதாம்!"

சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நல்லதா கெட்டதா? அதைச் சொல்லு மொதல்ல! அந்தம்மா ஒரே சந்தோஷமா பேசுது, எனக்கு ஒண்ணும் புரியல."

"நல்லதுக்கா" என்றேன். "ரொம்ப நல்லது."

தோலில் ஒரு திசை. உள்ளே உருண்டைக்கு ஒரு திசை. ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில், நகத்தின் அகலத்துக்கு, எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறதாம். அது அத்தானின் கைக்காந்தம். மீதி முழுக்கச் சுத்தம். சூரியன் குழந்தையாக இருந்தபோது சுற்றியிருந்த தூசியில் காந்தம் எவ்வளவு பலமாக இருந்தது என்று அந்தக் கல்லிலிருந்து அளக்க முடிகிறது. மேடம் கண்டுபிடித்ததைக் கட்டுரையாக எழுதப் போகிறார்.

நான் அழித்தது அழித்ததுதான். ஆனால் உலகத்திலிருந்து அழியவில்லை. பரண் மேல், கேன்வாஸ் துணிக்குள், என் மேல் இருந்த கோபத்தில் தனக்கென்று எடுத்து வைத்த பாதியில் அப்படியே இருந்திருக்கிறது. அவள் கோபித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இரண்டு பாதியையும் நானே வாங்கி வந்து, இரண்டுக்கும் 'டக்' காட்டியிருப்பேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரே கல்லுக்குள்ள இருந்துக்கிட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பாக்குதா? அப்ப நம்ம சொந்தக்காரங்கதான், சந்தேகமே இல்ல" என்றார்.

ஜூன் 21, சனி

அக்காவின் கல் திரும்பி வந்துவிட்டது. ஒரு சின்னத் துண்டு மட்டும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. இனிமேல் பரண் கிடையாதாம். தையல் மேசைக்கு எதிர்ச் சுவரில் தனிப் பலகை அடித்து, மூடி போட்ட கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கு அவளே சொல்கிறாள்: "இது என்னைக் கொல்லத்தான் வந்துச்சு. நீல நூல் காப்பாத்துச்சு." காந்தக் கிண்ணம் அறையின் மறுகோடிக்குப் போய்விட்டது. அத்தான் ஊசி எடுக்க எழுந்து எழுந்து நடக்கிறார்.

என் ஹார்ட் டிஸ்க் காந்தத்தை நூலோடு அவரிடமே கொடுத்துவிட்டேன். கீழே சிந்துகிற ஊசியெல்லாம் ஒரே இழுப்பில் வருகிறது என்று சந்தோஷப்பட்டார். வாசல் பக்கம் மட்டும்தான் உபயோகிக்க வேண்டும் என்று அக்கா தரையில் சாக்கட்டியால் கோடு போட்டிருக்கிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் மூன்று மணிக்குத் திடீரென்று காற்று. பின்கதவை உலைக்கழிவுக் கட்டியாலும் பிடிக்க முடியவில்லை. ஃபோன் அடித்தது. அத்தான். "மரம் சாஞ்சு கூரை மேல—" அவ்வளவுதான், துண்டித்துவிட்டது.

எப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலில் என் செருப்பு ஒன்று, வீட்டுக்காரருடையது ஒன்று. பஸ்ஸில் ஒரு அம்மாள் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

கடைக்குள் பாதிக்கூரை இறங்கிக் கிடந்தது. அக்கா வாசல்படியில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள், ஒரு துணிக்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஓடிப்போய்த் தலையைத் தடவினேன், கை, கழுத்து, அந்தத் தோள். "எங்க அடி? காமி. எங்கக்கா? ரத்தம் வருதா? பேசுடி!" என்று கத்தினேன். அவளை 'டி' போட்டது அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

"ஒண்ணும் இல்லடி, விடு, கூசுது" என்றாள். ஒரு கீறல்கூட இல்லை. அத்தானுக்கும் ஒன்றும் இல்லை. மரம் விழுந்தபோது இரண்டு பேரும் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். அப்பாடா, அப்பாடா, அப்பாடா. நாலு பேரும் — வீட்டுக்காரர் பின்னாலேயே வந்துவிட்டார் — நனைந்த துணிகளையெல்லாம் எதிர்க்கடைக்குள் கொண்டுபோய் விரித்தோம். மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். சீருடைகள் பத்து நாள் தாமதமாகும், ஆகட்டும்.

ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்து, உலர்ந்த புடவை மாற்றி உட்கார்ந்தேன். அக்காவிடமிருந்து ஃபோன்.

"சொல்ல மறந்துட்டேன். கல்லு பத்திரமா இருக்கு. நீ கேக்கலியேன்னு நானே சொல்றேன்."

"எந்தக் கல்லு?" என்றேன்.

ஃபோனை வைக்காமலே அவள் அத்தானிடம் சொல்வது கேட்டது: "எந்தக் கல்லுன்னு கேக்கிறா!"